ஓடாத நிலா, பறக்காத பையன்

ஜப்பானியப் படக்கதையான மாங்காவையும், ஜப்பானிய அசைபடமான அனிமேயையும் பற்றிப் பத்தாம் வகுப்பு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாங்கா புத்தகத்தில் எல்லாமே அசையாத படம். அதை அனிமே ஆக்கும்போதும் பல காட்சிகளில் வாய் மட்டும்தான் அசைகிறது. அப்புறம் எப்படி எல்லாம் ஓடுகிற மாதிரி தெரிகிறது?"

நல்ல கண். ஒசாமு தெசுகா 1952 முதல் வரைந்துவந்த 'டெட்சுவான் அதோமு' மாங்கா, 1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி டிவியில் வாராந்திரத் தொடராக வந்தது. வெளிநாட்டில் அதற்கு ஆஸ்ட்ரோ பாய் என்று பெயர். நாயகன் அதோமு, பறக்கும் ரோபோ பையன். கேமரா பிடிக்கும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 25 நிமிடத்துக்கு 36,000 ஃபிரேம். வாரா வாரம் யார் வரைவது? ஒரு படத்தையே மூன்று ஃபிரேமுக்கு வைத்துப் பிடித்தார்கள். நொடிக்கு 8 படம் போதும். படம் வரையும் கண்ணாடி போன்ற தாளுக்கு செல் என்று பெயர். முகம் ஒரு செல்லில், வாய் இன்னொரு செல்லில். வரைந்த படங்களைப் பத்திரப்படுத்தி மறுபடி எடுத்துப் போட்டார்கள்.

எட்டுப் படம் எப்படிப் போதும்? 'பார்வை நீடிப்பு' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பிம்பம் கண்ணில் தங்குவது மட்டுமே காரணம் என்றால், அதோமுவின் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித்தான் தெரிய வேண்டும். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் காட்டினார்: இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாகத் தெரியும். நடுவிலுள்ள நகர்வை மூளையே போட்டுக்கொள்கிறது.

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது பறக்கும் காட்சிதான். கையை நீட்டியபடி அதோமு, ஒரே ஒரு படம். கேமரா மேலே நின்று கீழே பார்க்கிறது. செல்லுக்கு அடியில் நீளமான வானத் தாள். ஒரு ஃபிரேம் பிடித்ததும் தாளை 2 மில்லிமீட்டர் இடப்பக்கம் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஃபிரேம், மறுபடி 2. ஐந்து நொடிக்கு 120 இழுப்பு, 24 சென்டிமீட்டர் வானம். திரையில் பையன் வலப்பக்கம் சீறிப் பாய்கிறான்! உண்மையில் அவன் இம்மியும் நகரவில்லை.

மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, மேகத்துக்குள் நிலா ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே சங்கதிதான். பெரிதாகச் சூழ்ந்திருப்பதை மூளை நிலையானது என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சின்னது நகர்வதாகக் கணக்குப் போடுகிறது. கார்ல் டுங்கர் என்ற உளவியலாளர் 1929-இல் இதை இருட்டறையில் சோதித்தார். ஒளிரும் சட்டம், அதற்குள் ஒரு ஒளிப்புள்ளி. நகர்த்தியது சட்டத்தை, பார்த்தவர்களுக்கோ புள்ளி எதிர்த்திசையில் நகர்ந்தது. இன்றைக்கு "இருட்டறையில் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும்" என்று ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால், "இதனால் என்ன பயன்?" என்ற கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் தீராத கோபம் உண்டு.

மாங்கா வாசகருக்கு இது புதிதும் இல்லை. பாயும் ஆளைச் சுற்றி வேகக்கோடுகள் போடுவது அங்கே பழைய வழக்கம். அனிமேக்காரர்கள் வானத்துக்குப் பதில் அந்தக் கோடுகளையே இழுத்துவிட்டார்கள், வேலை இன்னும் சுலபம்.

அடுத்த முறை பறக்கும் காட்சி வந்தால், இரண்டு கையாலும் பின்னணியை மறைத்துப் பாருங்கள். பையன் அந்தரத்தில் நின்றுவிடுவான். முடி மட்டும் படபடத்தால், அது தனி செல்.