உள்ளடக்குவதா, உளப்படுத்துவதா?

போன வாரம் ஒரு கட்டுரையைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அயர்லாந்து ரக்பி அணியைப் பற்றியது, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. நாலு பக்கத்துக்குள் 11 இடத்தில் 'உள்ளடக்கிய' வந்திருந்தது. உள்ளடக்கிய அணி, உள்ளடக்கிய கொடி, உள்ளடக்கிய அடையாளம். 'உள்ளடக்கிய கீதம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எதை உள்ளடக்கிய கீதம்? பல்லவியையும் சரணத்தையுமா?

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. 'இன்க்ளூசிவ்' (யாரையும் ஒதுக்காத) என்று வந்தால் 'உள்ளடக்கிய' என்று போடச் சொல்லித்தான் அகராதியும் அரசு ஆவணமும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. இந்தியாவின் 11-வது ஐந்தாண்டுத் திட்டம் (2007–2012) அந்த ஆங்கிலச் சொல்லைத் தன் தலைப்பிலேயே வைத்துக்கொண்டது. 'உள்ளடக்கிய வளர்ச்சி' என்று தமிழிலும் எங்கே பார்த்தாலும் கண்ணில் பட்டது. அப்புறம் உள்ளடக்கிய கல்வி, உள்ளடக்கிய நகரம், உள்ளடக்கிய பணியிடம் என்று வளர்ந்துகொண்டே போய், இப்போது அயர்லாந்தின் ரக்பி மைதானம் வரைக்கும் வந்துவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'இன்' என்றால் உள்ளே, 'க்ளாடெரே' என்றால் மூடுவது. இரண்டும் சேர்ந்து 'இன்க்ளூடெரே', அதாவது உள்ளே வைத்து அடைத்தல். ஆங்கிலத்தின் 'க்ளோஸ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலம் அந்தப் பழைய பொருளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. இன்று அந்தச் சொல்லைக் கேட்கிற ஆங்கிலேயருக்குக் கதவை மூடுவது நினைவுக்கு வராது, திறப்பதுதான் வரும். நாமோ அவர்கள் கைவிட்ட வேர்ப்பொருளைத் தேடி எடுத்துத் தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

'உள்ளடக்கிய' தப்பான சொல் என்று நான் சொல்லவில்லை. 'வரியை உள்ளடக்கிய விலை' சரியான தமிழ். 'ஆறு மாவட்டங்களை உள்ளடக்கிய மண்டலம்' என்பதும் சரி. பெட்டிக்குள் பொருள் இருக்கிறது, எல்லைக்குள் ஊர் இருக்கிறது, தொகைக்குள் வரி இருக்கிறது. உயிரில்லாத ஒன்று இன்னொன்றுக்குள் அடங்கும்போது அந்தச் சொல்லில் குறையே இல்லை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான் அது கெடுகிறது.

ஏனென்றால் 'அடக்கு' என்ற வினை தமிழில் சும்மா இருக்கிற வினை இல்லை. கலகத்தை அடக்குகிறோம், காளையை அடக்குகிறோம், வாயை அடக்கச் சொல்கிறோம். அடக்குமுறை என்கிறோம். செத்தவரை நல்லடக்கம் செய்கிறோம். 'அடக்கம்' தானாக வந்தால் பண்பு, குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் 'அடக்கு' என்று இன்னொருவர் மேல் பாயும்போது அது வலியவன் செய்கிற வேலை. முன்னால் 'உள்' சேர்த்துவிட்டால் மட்டும் அந்த வாடை போய்விடுமா?

இலக்கணமும் இடிக்கிறது. 'உள்ளடக்கிய' என்பது செயப்படுபொருளைக் கேட்கிற பெயரெச்சம். எதை, யாரை என்று சொல்லாவிட்டால் வாக்கியம் அரைகுறை. அதோடு அது இறந்தகாலம்: அடக்கி முடித்தாயிற்று. ஆங்கிலச் சொல்லோ எப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஒரு மனப்பாங்கைக் குறிக்கிறது. 'அனைவரையும் உள்ளடக்கிய' என்று எழுதினால் செயப்படுபொருள் கிடைத்துவிடும், அது உண்மை. ஆனால் எழுவாய்? அனைவரையும் உள்ளே அடக்குகிற அந்த ஆள் யார்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 'உள்ளடக்கம்' என்றால் பொருளடக்கம், நூலில் உள்ள விஷயம். இன்று இணையத்தில் காணொளி போடுகிறவரை 'உள்ளடக்கப் படைப்பாளர்' என்கிறார்கள். அப்படியானால் ஒரு நிறுவனம் 'உள்ளடக்கக் கொள்கை' என்று அறிவித்தால், எதை வெளியிடலாம் என்ற விதியா, யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற விதியா? நான் ஒரு ஆவணத்தில் இரண்டு பொருளிலும் அடுத்தடுத்த பத்திகளில் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

சரி, அயர்லாந்துக்கு வருவோம். 'உள்ளடக்கு' எங்கே தோற்கிறது என்பது அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

அயர்லாந்து ரக்பி ஒன்றியம் 1879-இல் அமைந்தது. 1921-இல் தீவு இரண்டாகப் பிரிந்தது. வடக்கின் ஆறு கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) பிரிட்டனோடு நின்றன, மிச்சம் தனிநாடானது. கால்பந்து அதோடு பிளந்து பெல்பாஸ்ட்டில் ஒரு சங்கம், டப்ளினில் ஒரு சங்கம் என்றாகி இன்றுவரை இரண்டு அணிகளாக ஆடுகிறது. ரக்பி பிளக்கவில்லை. கிரிக்கெட்டும் ஹாக்கியும் பிளக்கவில்லை. 2011 உலகக்கோப்பையில் பெங்களூரில் இங்கிலாந்தின் 327 ஓட்டங்களை அயர்லாந்து துரத்திப் பிடித்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். 50 பந்தில் சதமடித்த கெவின் ஓபிரையன் டப்ளின்காரர். அன்றைக்கு அணித் தலைவர் வில்லியம் போர்ட்டர்ஃபீல்ட் வடக்கு அயர்லாந்துக்காரர். இரண்டு அரசுகளின் கீழ் வாழ்கிறவர்கள், ஒரே சட்டை.

அப்படியானால் ஆட்டத்துக்கு முன் எந்தக் கொடியை ஏற்றுவது, எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பது?

அயர்லாந்துக் குடியரசின் கொடியில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு இருக்கின்றன. 1848-இல் தாமஸ் ஃபிரான்சிஸ் மார் என்பவர் கொண்டுவந்தது. பச்சை கத்தோலிக்க, 'கேலிக்' எனும் பழைய ஐரிஷ் மரபுக்கு, ஆரஞ்சு 'ஆரஞ்சு' வம்சத்து மன்னர் வில்லியத்தின் வழிவந்த புராட்டஸ்டன்டு மரபுக்கு, நடுவில் வெள்ளை இருவருக்குமான சமாதானத்துக்கு. துணியிலேயே ஆரஞ்சுக்காரர்களை உள்ளடக்கியாயிற்று. ஆனால் வடக்கின் பெரும்பாலான ஒன்றியவாதிகள், அதாவது பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறவர்கள், அதைத் தங்கள் கொடியாக ஒருநாளும் ஏற்கவில்லை. தங்களைக் கேட்காமல் தங்கள் நிறத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தக் கொடியை உள்ளடக்கிய கொடி என்றால் எழுத்துக்கு எழுத்து உண்மை. 'இன்க்ளூசிவ்' கொடி என்றால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு சொல்லும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பாட்டும் அப்படித்தான். குடியரசின் தேசிய கீதம் 'அவ்ரான் ந வீயன்', வீரர்களின் பாட்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்கள் பாடியது, 1926-இல் தேசிய கீதமானது. வடக்கிலிருந்து வந்து ஆடுகிற புராட்டஸ்டன்டு ஆட்டக்காரர் அதற்கு மரியாதையாக நிற்கலாம், வாய் திறந்து பாடுவது எப்படி? 1987-இல் முதல் ரக்பி உலகக்கோப்பைக்கு அணி நியூசிலாந்து போனபோது, 'ரோஸ் ஆஃப் ட்ரலீ' என்ற பழைய காதல் பாட்டின் இசைப்பதிவைப் போட்டு ஒப்பேற்றினார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான், ஏப்ரல் மாதம், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டில் சிக்கி, வடக்கு மாகாணமான அல்ஸ்டரைச் சேர்ந்த மூன்று ஆட்டக்காரர்கள் காயப்பட்டிருந்தார்கள். அவர்களில் நைஜல் காருக்கு ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. அந்தச் சூழலில் எந்தத் தேசிய கீதத்தைப் போடுவது?

1995 உலகக்கோப்பைக்காக டெரி நகரத்து இசையமைப்பாளர் ஃபில் கோல்டரிடம் கேட்டு வாங்கியதுதான் 'அயர்லாண்ட்ஸ் கால்'. அதில் அரசும் இல்லை, அரசரும் இல்லை. தீவின் நாலு மாகாணமும் தோளோடு தோள் நிற்பதுதான் அதன் சாரம். டப்ளினில் ஆடினால் தேசிய கீதம், கூடவே இந்தப் பாட்டு. வெளிநாட்டில் ஆடினால் இது மட்டும். அணியின் கொடியிலும் நாலு மாகாணச் சின்னங்கள்தான் இருக்கின்றன. 2007 ஆகஸ்டில், 1954-க்குப் பிறகு முதல் தடவையாக பெல்பாஸ்ட்டில் இத்தாலியோடு ஆடியபோதும் இந்தப் பாட்டு மட்டும்தான். டப்ளினில் உங்கள் கீதம் உண்டு, இங்கே எங்கள் கீதம் ஏன் இல்லை என்று ஒன்றியவாதிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான் என்று நினைக்கிறேன். தெற்கிலோ சொந்தக் கீதத்தை விட்டுவிட்டு இந்தச் சப்பென்ற பாட்டைப் பாட வேண்டுமா என்று முணுமுணுக்கிறவர்கள் இன்றும் உண்டு. இருபக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இருபக்கமும் கொஞ்சம் மனத்தாங்கலோடு, ஆனால் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதில் அடக்குகிறவரும் இல்லை, அடங்குகிறவரும் இல்லை.

அப்படியானால் எந்தச் சொல்? கைக்குக் கிடைத்த மற்ற சொற்களையும் போட்டுப் பார்த்தேன். 'ஒருங்கிணைந்த' வேண்டவே வேண்டாம். 'ஒருங்கிணைந்த அயர்லாந்து அணி' என்று எழுதினால் தீவு ஒரே நாடாக வேண்டும் என்ற அரசியல் கோரிக்கையை அணியின் நெற்றியில் ஒட்டியதாகிவிடும். 'அரவணைக்கும்' கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் பெரியவர் சிறியவரை அணைப்பது அது. பெல்பாஸ்ட்காரர் தன்னை யாரும் அரவணைக்கச் சொல்லவில்லை. 'இடங்கொடுக்கும்' என்றால் உடனே, இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற பழமொழி வந்து நிற்கும். இலங்கையில் கல்வித்துறையில் 'உட்படுத்தல்' என்கிறார்கள். 'உள்ளடக்க'லை விட இது எனக்குப் பிடிக்கும், 'உட்பட' என்ற அன்றாடச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் 'சோதனைக்கு உட்படுத்தினர்', 'விசாரணைக்கு உட்படுத்தினர்' என்ற வழக்கு அதைக் கெடுத்துவிட்டது.

நமக்கு வேண்டிய சொல் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே இருக்கிறது: உளப்பாடு. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று படித்திருப்போம். பேசுகிறவன் தன்னோடு இன்னும் யாரைச் சேர்த்துக்கொள்கிறான் என்பதை அந்தக் காலத்தில் வினையின் விகுதியே காட்டியது. அம், ஆம் வந்தால் எதிரில் கேட்டுக்கொண்டிருப்பவரும் உண்டு. எம், ஏம், ஓம் வந்தால் வேறு யாரோ. 'தன்னொடு படுக்கும்' என்று நன்னூல் சொல்லும். இன்று வினையில் அந்த வேறுபாடு போய்விட்டது, 'வந்தோம்' இரண்டுக்கும் பொது. பெயரில் மட்டும் உயிரோடு இருக்கிறது: நாம், நாங்கள். 'நம்ம ஊரு' என்றால் நீயும் சேர்த்தி, 'எங்க ஊரு' என்றால் நீ விருந்தாளி. ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும்.

ஆங்கிலத்துக்கு இது கிடையாது. ஐரிஷ் மொழிக்கும் கிடையாது. அங்கே 'ஷின்' என்றால் நாமாகவும் இருக்கலாம், நாங்களாகவும் இருக்கலாம். தீவு ஒரே நாடாக வேண்டும் என்கிற 'ஷின் ஃபெயின்' கட்சியின் பெயரைத் தமிழாக்க உட்கார்ந்தால் 'நாமே' என்று எழுதுவதா, 'நாங்களே' என்று எழுதுவதா? கட்சிக்காரர் 'நாமே' என்பார், அல்ஸ்டர் ஒன்றியவாதிக்கு அது 'நாங்களே' என்றுதான் கேட்கும். தேசிய கீதத்தின் தொடக்கமும் அழுத்திச் சொன்ன ஒரு 'ஷின்னே'தான். பாடுகிறவர் வீரர்களில் ஒருவராக நின்று பாடுகிறார், அதனால் தமிழில் அதை 'நாங்கள்' என்றுதான் எழுத முடியும். 'அயர்லாண்ட்ஸ் கா'லில் வருகிற 'வீ', நாம்.

'இன்க்ளூசிவ்' என்பதற்கு 'உளப்படுத்தும்', அதன் தன்மைக்கு 'உளப்பாடு' என்கிறேன். உளம், உளவியல் என்று மனத்தோடு குழப்பிக்கொள்வார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். முதல் பத்து தடவை குழப்பலாம், பழகினால் போய்விடும். 'உளப்பட' என்பது 'உட்பட' என்பதன் மூத்த சொல் என்று ஒரு வரி சொன்னால் போதும். அப்படியும் தயக்கமாக இருந்தால் 'எல்லாருக்குமான' என்று எழுதுங்கள். எளிய சொல், யாரையும் அடக்காத சொல், எந்த வாக்கியத்திலும் உட்காரும். அகராதியில் முதலில் நிற்கிற சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று பார்க்காமல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. மொழிபெயர்ப்பில் இந்த அவசரம் இப்போது ரொம்பவே கூடியிருக்கிறது.

அந்தக் கட்டுரையில் 11 இடத்தையும் ஒரே சொல்லால் நான் மாற்றவில்லை. இரண்டு இடத்தில் 'உள்ளடக்கிய' அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். ஒன்று, 32 கவுண்டிகளை உள்ளடக்கிய தீவு. இன்னொன்று, நாலு மாகாணச் சின்னங்களையும் உள்ளடக்கிய கொடி. ஐந்து இடத்தில் 'எல்லாருக்குமான' வந்தது, மூன்று இடத்தில் 'உளப்படுத்தும்'. 'உள்ளடக்கிய கீதம்' இருந்த வாக்கியத்தை முழுக்க அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொடுத்தேன்: "வடக்கிலிருந்து வந்தவரும் தெற்கிலிருந்து வந்தவரும் 'நாம்' என்று பாடக்கூடிய ஒரு பாட்டு அணிக்குத் தேவைப்பட்டது."