போனில் உள்ள ஓட்டுநர் உரிமம் எப்போது செல்லும்?

ஓர் அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் போனை நீட்டி ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினார். "இது வெறும் போட்டோ ஐயா, செல்லாது" என்று ஊழியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊழியர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அதே உரிமத்தை அதே போனில் செல்லும்படியாக வைத்திருக்க வழி இருக்கிறது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

மத்திய அரசு 2015 ஜூலையில் தொடங்கிய டிஜிலாக்கர் என்ற மின்னணு ஆவணப் பெட்டகம்தான் அந்த வழி. கட்டணம் கிடையாது. அதில் நாமே ஸ்கேன் செய்து ஏற்றும் ஆவணம் வெறும் நகல்தான். ஆவணத்தை வழங்கிய துறையின் பதிவேட்டிலிருந்து நேராக இறங்கி, 'இஷ்யூட்' பகுதியில் வந்து சேரும் ஆவணமே மதிப்புள்ளது. அதைக் காகித ஆவணத்துக்கு இணையாக ஏற்கலாம் என்று டிஜிட்டல் லாக்கர் விதிகளின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. 'ஏற்கலாம்' என்றுதான் இருக்கிறது. ஆகவே முக்கியமான வேலைக்குப் போகும்போது அசலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கும் ஆர்.சி.க்கும் இந்தத் தயக்கம் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 139, 2018-இல் திருத்தப்பட்ட பிறகு, இவற்றை மின்னணு வடிவில் காட்டவும் இடம் தருகிறது.

நம்மவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பெயரில். மதிப்பெண் பட்டியலில் 'க. செல்வி', ஆதாரில் 'செல்வி கண்ணன்' என்று இருந்தால் நமக்கு ஒரே ஆள். கணினிக்கு இரண்டு ஆட்கள். ஆதாரோடு பெயர் பொருந்தவில்லை என்று ஆவணம் டிஜிலாக்கரில் இறங்காமல் நின்றுவிடும். உடனே ஆதாரைத் திருத்த ஓடாதீர்கள். ஆதாரில் பெயரைப் பொதுவாக 2 முறைதான் மாற்ற முடியும். பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எந்த வடிவம் அதிக இடங்களில் இருக்கிறது என்று பார்த்து, ஒரே முறையில் சரிசெய்யுங்கள்.

கணினி மையத்தில் டிஜிலாக்கர் கணக்குத் தொடங்குகிறவர்கள் ஒன்றில் கறாராக இருக்க வேண்டும். அங்கிருப்பவரின் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும், பிறகு உங்கள் ஆவணங்களின் சாவி அவர் கையில். உங்கள் எண்ணையே கொடுங்கள். கணக்குக்கான 6 இலக்க ரகசிய எண்ணையும் (பின்) நீங்களே அழுத்துங்கள்.