நீவாடும் கரும்பொருளும்

இராமநாதபுரம் கடற்கரையில் வலை விடுகிறவர்கள் நீவாடு பார்ப்பார்கள். நீவாடு என்றால் நீரோட்டம். அது கண்ணுக்குத் தெரியாது. விட்ட வலை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதை வைத்துத்தான் பிடிபடும். ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளும் (dark matter) இப்படித்தான் அகப்பட்டது. 1970-இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் மண்டலத்தின் சுழற்சியை அளந்தார்கள். மையத்தை விட்டு வெகுதூரம் போன பிறகும் சுழலும் வேகம் குறையவில்லை. கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களின் ஈர்ப்பு அதற்குப் போதாது.

மிச்ச ஈர்ப்பைத் தருகிற கரும்பொருள் மண்டலத்தைச் சூழ்ந்து பரவியிருக்கிறது. அதை ஹேலோ என்கிறார்கள். நிலா கட்டும் கோட்டையைப்போல வளையம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளேயும் நிறைந்த, கொஞ்சம் நசுங்கிய உருண்டை அது. நம் பால்வீதியின் தட்டு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம். அதன் ஹேலோ அதைவிடப் பத்து மடங்குக்கும் பெரியது.

எப்படி உருவானது? தொடக்கப் பிரபஞ்சத்தில் சில இடங்களில் பொருள் இம்மி அளவு கூடுதலாக இருந்தது. எல்லாம் விரிந்துகொண்டிருக்க, அந்த இடங்கள் மட்டும் தம் ஈர்ப்பால் மெதுவாக விரிந்தன, ஒரு கட்டத்தில் நின்றன, பிறகு உள்நோக்கி விழுந்தன. விழுந்தவை மையத்தில் குவிந்து கிடக்க வேண்டும் அல்லவா? கரும்பொருள் அப்படிச் செய்யவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வாயு விழும்போது ஒன்றோடொன்று மோதிச் சூடாகும், அந்தச் சூட்டை ஒளியாக வெளியே விட்டுவிடும். ஆற்றல் குறையக் குறைய உள்ளே இறங்கிச் சுழலும் தட்டாகப் படியும். நம் சூரியன் பிறந்தது அப்படியொரு தட்டில். கரும்பொருள் ஒளி விடாது, மோதுவதும் இல்லை. மையத்தைக் கடந்து மறுபக்கம் போகும், திரும்பும், மறுபடி கடக்கும். இழக்க வழியில்லாத அந்த ஆற்றல்தான் ஹேலோவை உப்பிய நிலையிலேயே வைத்திருக்கிறது.

உள்ளமைப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 1990-களில் நவாரோ, ஃபிரெங்க், வைட் மூவரும் கணினியில் ஹேலோக்களை வளர்த்துப் பார்த்தார்கள். சிறியதோ பெரியதோ, அடர்த்தி ஒரே மாதிரி இறங்கியது. மையத்தின் அருகில் தூரம் இரட்டித்தால் அடர்த்தி பாதி. வெளிப்புறத்தில் இரட்டித்தால் எட்டில் ஒன்று. சில குறுமண்டலங்களில், அதாவது சிறிய விண்மீன் மண்டலங்களில், மட்டும் மையத்தில் அடர்த்தி இந்தக் கணக்கு சொல்வதுபோல ஏறாமல் தட்டையாகத் தெரிகிறது. வெடிக்கும் விண்மீன்கள் வாயுவைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளி மையத்தைக் கலைத்திருக்கலாம் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சிறிய ஹேலோக்கள் முதலில் தோன்றின. அப்புறம் அவை சேர்ந்து பெரியவை ஆயின. பெரிய ஹேலோவுக்குள் நுழையும் சிறியதன் பின்னால் கரும்பொருள் திரண்டு அதைப் பின்னிழுக்கும். இந்த இழுவையை 1943-இல் கணக்கிட்டுச் சொன்னவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வேகம் இழந்த சிறியது மையத்தை நோக்கி இறங்கி, பிய்ந்து கரையும்.

அது இப்போதும் நடக்கிறது. ஜூலை நள்ளிரவில் மூக்கையூர்க் கரையில் நின்று தெற்கே பார்த்தால், கடலுக்கு மேலே தனுசு விண்மீன்கள் தெரியும். அவற்றுக்கு வெகு அப்பால், 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசு குறுமண்டலம் பால்வீதியிடம் சிக்கிப் பிய்ந்துகொண்டிருக்கிறது. அதன் விண்மீன்கள் நீண்ட இழைகளாக வானத்தைச் சுற்றி வருகின்றன. நம் ஹேலோவின் வடிவத்தை அந்த இழைகளின் வளைவிலிருந்தும் கணிக்கப் பார்க்கிறார்கள்.