எனியான்: கோணத்துலேர்ந்து வந்த பேரு

எனியான்னு சொன்னதும் நிறைய பேர் கெமிஸ்ட்ரில வர்ற எதிர்மின் அயனியோட போட்டு குழப்பிக்கறாங்க, உச்சரிப்பு கிட்டக்கிட்ட இருக்கு அவ்ளோதான், ரெண்டும் வேற வேற. இது தட்டையான, இருபரிமாண உலகத்துல மட்டும் வரக்கூடிய ஒரு துகள் வகை, 1982ல இயற்பியலாளர் ஃப்ராங்க் வில்செக் வச்ச பேரு. 'எனி'ன்னா எதுவானாலும், அதுல எலக்ட்ரான் புரோட்டானுக்கு வர்ற 'ஆன்' விகுதிய சேர்த்துட்டாரு. மத்த ரெண்டு துகள் வகைல போசானுக்கு சத்யேந்திரநாத் போஸ், ஃபெர்மியானுக்கு என்ரிகோ ஃபெர்மி, இதுக்கு மட்டும் ஆள் பேரு கிடையாது.

எது எதுவானாலும்? கோணம். ஒரே மாதிரி ரெண்டு துகள இடம் மாத்தினா அதுங்களோட குவாண்டம் அலை எவ்ளோ திரும்புதுங்கற கணக்கு. போசானுக்கு 0 டிகிரி, ஃபெர்மியானுக்கு 180, நம்ம முப்பரிமாண உலகத்துல இந்த ரெண்டுதான். தட்டையான உலகத்துல நடுவுல எந்த கோணமும் வரலாம்னு 1977லயே ஆஸ்லோல லெய்னாஸும் மிர்ஹைமும் காட்டிட்டாங்க. பலகைல ஆணி அடிச்சு அத சுத்தி நூல் வளையம் போடுங்க, மேல தூக்கினா கழண்டு வந்துடும், பலகைய விட்டு தூக்கவே கூடாதுன்னா எப்படி இழுத்தாலும் மாட்டிக்கிட்டு நிக்கும். ஆணி ஒரு துகள், நூல் அத சுத்தி இன்னொரு துகள் போன பாதைன்னு வச்சுக்கோங்க, தட்டை உலகத்துல சுத்தினது சுத்தினதுதான், அத அழிக்க முடியாது.

அந்த தட்டை உலகம் நிஜத்துலயும் இருக்கு. காலியம் ஆர்சனைடு அடுக்குக்கு நடுவுல எலக்ட்ரான்கள சிக்க வச்சு, நல்லா குளிரூட்டி, பலமான காந்தப்புலம் குடுத்தப்ப 1982ல சூயி, ஸ்டோர்மர், கோசார்டு மூணு பேரும் குறுக்குவாட்டு மின்கடத்தல் அளவுல முழு எண்ணுக்கு பதிலா 1/3ங்கற பின்னத்த பாத்தாங்க. மறுவருஷம் ராபர்ட் லாஃப்லின்ங்கற இயற்பியலாளர் விளக்கம் குடுத்தாரு: எலக்ட்ரான் உடையல, மொத்த கூட்டமும் சேர்ந்து ஆடற ஆட்டத்துல மூணுல ஒரு பங்கு மின்னூட்டத்தோட ஒரு சலனம் துகள் மாதிரியே நடந்துக்குது. இதுங்கள இடம் மாத்தினா 60 டிகிரி, ஒண்ணு இன்னொண்ண முழுசா சுத்தி வந்தா 120. 2020ல அமெரிக்காவோட பர்டியூ பல்கலைக்கழகத்துல இந்த 120க்கு கிட்டத்தட்ட அளந்தே காட்டினாங்க, அதே வருஷம் பாரிஸ்லயும் எனியான்கள மோதவிட்டு வேற வழில ஆதாரம் கிடைச்சுது.

சரி தமிழ்ல? இந்த மாதிரி கூட்டத்தோட ஆட்டத்துல உருவாகி துகள் மாதிரி நடந்துக்கறத (ஆங்கிலத்துல குவாசிபார்ட்டிகிள்) பொதுவா போலித்துகள்னு சொல்றது எனக்கு பிடிக்கும், போலின்னா டூப்ளிகேட்னு நினைக்க வேணாம், இலக்கணத்துல ஐந்து அஞ்சாகறதும் போலிதான், ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு நின்னு அதே வேலைய செய்யுது. எனியானுக்கு எவ்வகைத்துகள்னு போட்டா என்ன வகைன்னே தெரியாததுன்னு அர்த்தம் போயிடும், வகை தெரியும், கோணம்தான் மாறுது. அதனால என் ஓட்டு எக்கோணத்துகள், எக்காலம்னு சொல்ற மாதிரியே எ முன்னாடி நிக்குது, 'எனி'க்கு நேர் சொல்லும் அதுதான்.