அது உடம்புச் சூடு இல்லை

ஒரே ஹாஸ்டல் அறையிலிருந்து நான்காவது பையனும் போன வாரம் சிரங்கோடு என்னிடம் வந்துவிட்டான். ஆறு பேர் தங்கும் அறை. முன்னால் வந்த மூவரிடமும் "அறையில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போடுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். "மத்தவங்களுக்கு அரிப்பு இல்ல சார்" என்கிறார்கள்.

அதுதான் தப்பு. சிரங்குப் பூச்சி முதல் முறை தொற்றினால் அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அரிக்காதவன் அதற்குள் அடுத்தவனுக்குக் கொடுத்திருப்பான்.

பெற்றோரோ, "மெஸ் சாப்பாட்டுல உடம்புச் சூடு ஏறிடுச்சு, தண்ணி ஒத்துக்கல" என்று இளநீரும் எண்ணெய்க் குளியலுமாக ஒரு மாதத்தை ஓட்டிவிட்டு வருகிறார்கள். சூடு என்றால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பிறப்புறுப்பிலும் மட்டும் பார்த்துப் பார்த்து ஏறுமா? ராத்திரியானால் மட்டும் அதிகமாகுமா? பக்கத்துக் கட்டில்காரனுக்கும் தாவுமா? இளநீர் குடியுங்கள், நல்லதுதான். பூச்சி சாகாது.

இந்த நான்காவது பையனின் அப்பாவுக்கு வேறு கவலை. "ரெண்டு அரியர் சார், எல்லாம் செல்போனால வந்தது." எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று பையனைக் கேட்டேன். மூன்று மணி. போன் பார்க்கிறான், உண்மைதான். சொறிந்துகொண்டு தூக்கம் வராமல் பார்க்கிறான். காலை வகுப்பில் தலை தொங்குகிறது.

மெடிக்கல் ஷாப்பில் தரும், பல மருந்து கலந்த கிரீம் ட்யூப்பைத் தொடாதீர்கள். அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூச்சியை வளரவிடும். (எங்களுக்கும் நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.)

மருத்துவர் எழுதித் தரும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமை அறையில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு விடாமல் பூச வேண்டும். காலையில் குளியல். ஒரு வாரம் கழித்து மறுபடியும். போர்வை, துண்டு, உடுத்திய துணி எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வேண்டும். ஹாஸ்டலில் வெந்நீருக்கு எங்கே போவது? சரி, பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். மனித உடம்பு இல்லாமல் பூச்சி பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மருந்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். பயந்துபோய் தினமும் பூசாதீர்கள்.

வார்டன்களே, தயவுசெய்து ஒருவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்த அறையின் ஐந்தாமவனை அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள். நேற்று அவன் அம்மாவும் தங்கையும் கையைச் சொறிந்துகொண்டே வந்தார்கள்.