ஒரு முழத்துக்குள் ஃபியூஸ்

சித்திரை பிறப்பதற்கு முன்பே எங்கள் கடையில் கூட்டம் கூடிவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் காருக்கு ஊஃபர், அதாவது பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர் டப்பா, மாட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே தெரியவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள், வண்டியைக் கழுவுவார்கள், பாட்டு பத்தவில்லை என்பார்கள். சரி, அதுதான் நம் பிழைப்பு. ஆனால் இந்த முறை மாட்ட வந்த வண்டிகளைவிட, வேறெங்கோ மாட்டிக் கருகிப்போய் வந்த வண்டிகள்தான் மனசில் நிற்கின்றன. மொத்தம் மூன்று. மூன்றாவதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மூன்றாவது வண்டி திருமங்கலம் பக்கத்துக் குடும்பத்துடையது. சின்ன ஹேட்ச்பேக். உசிலம்பட்டி அருகே குலதெய்வக் கோயிலில் பிள்ளைக்குக் காதுகுத்து முடித்து, கிடாக்கறி சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார்கள். முன் சீட்டில் அப்பத்தா. கால் மரத்துப்போகிறது என்று அவர் சொல்ல, பேரன் வண்டியை ஓரங்கட்டி, லீவரைத் தூக்கி சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். மறுபடி கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பிளாஸ்டிக் கருகும் வாடை. அப்புறம் அப்பத்தாவின் காலடியில் புகை.

பேரன் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வண்டியை நிறுத்தினார், சாவியை உருவிக் கையில் எடுத்தார், எல்லோரையும் இறக்கினார். புகை மட்டும் நிற்கவில்லை. வண்டி ஆஃப், சாவி கையில், சீட்டுக்கு அடியில் இன்னும் புகைகிறது. எதிரே வந்த டிராக்டர்க்காரர் ஒருவர் குதித்து ஓடிவந்து, பானட்டைத் திறக்கச் சொல்லி, தன் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் போட்ட பிறகுதான் அடங்கியிருக்கிறது. அவர் வரவில்லையென்றால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை.

வண்டி கயிறு கட்டி வந்தது. சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கினேன். சிவப்பு ஒயரின் உறை உருகி, அடியில் இருக்கும் பஞ்சோடு பாகு காய்ந்த மாதிரி ஒட்டிக் கிடந்தது. பஞ்சு இரண்டு கை அகலத்துக்குக் கரி. சீட் நகரும் ரெயிலுக்கும் தரைக்கும் நடுவில் ஒயர் நசுங்கி, செப்பு நிறம் போய் வெள்ளையாக நாலு இழை ரெயிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயர் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக வருகிறது. அதில் ஒரு ஃபியூஸ் ஹோல்டரும் இருந்தது. எங்கே? ஊஃபருக்குப் பக்கத்தில், சீட்டுக்கு அடியில். "போனா மாத்த ஈசியா இருக்கும்னு அங்கன வச்சாங்கண்ணே" என்றார் பேரன்.

ஃபியூஸ் போகவே இல்லை, புத்தம் புதிதாக இருந்தது. ஊஃபரில் இருந்த 15 ஆம்பியர் ஃபியூஸும் அப்படியே. ஊஃபரைக் கழற்றி பெஞ்சில் வைத்து லைன் கொடுத்தேன், ஜம்மென்று பாடியது.

வண்டி எரியப் பார்த்தது, ஃபியூஸ் சிரித்துக்கொண்டிருந்தது. ஏன்? இதைத்தான் இருபது வருடமாக ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் தொண்டை வறளச் சொல்கிறேன். அவர்கள் திருப்பிக் கேட்பது இதுதான்: "ஊஃபர் செட்லதான் ஃபியூஸ் இருக்கேண்ணே, பேட்டரிகிட்ட இன்னொண்ணு எதுக்கு? பில்லு ஏத்துறதுக்கா?"

நம் ஊர்க்காரர்களுக்குக் கண்மாயை வைத்துச் சொன்னால் புரியும். பேட்டரி கண்மாய். ஊஃபர் வயல். நடுவில் போகும் ஒயர் வாய்க்கால். ஃபியூஸ் என்பது மடை. இப்போது வாய்க்கால் பாதி வழியில் உடைத்துக்கொண்டு யார் வீட்டுக்குள்ளோ தண்ணீர் போகிறது. நீங்கள் ஓடிப்போய் வயலில் மடையை அடைக்கிறீர்கள். நிற்குமா? வயலுக்குத் தண்ணீரே வரவில்லையே, அங்கே அடைத்து என்ன பயன்? கண்மாயில் அடைக்க வேண்டும். ரெயிலில் ஒயர் நசுங்கியபோது மின்சாரம் ஊஃபர் வரை போகவே இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் பாடியைத் தொட்டு, அப்படியே திரும்பிவிட்டது. வண்டியின் தகர உடம்பு முழுக்கப் பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்ததுதானே. சீட்டுக்கு அடியில் இருந்த ஃபியூஸுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

இன்னும் ஒரு முறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊஃபரில் இருக்கும் ஃபியூஸ் ஊஃபருக்கு. பேட்டரி அருகே வைக்கும் ஃபியூஸ் ஒயருக்கு. இது இருப்பதால் அது வேண்டாம் என்பது, செருப்பு போட்டிருக்கிறேன் ஹெல்மெட் எதற்கு என்பது மாதிரி. சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அந்த லைன் சாவி வழியாக வருவதே இல்லை. பேட்டரி மண்டையிலிருந்து நேராக வருகிறது.

எவ்வளவு தூரத்தில் வைப்பது? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 18 அங்குலத்துக்குள் என்பது இந்தத் தொழிலில் உள்ள கணக்கு. 18 அங்குலம் என்றால் நமக்கு ஒரு முழம், மல்லிகைப்பூ வாங்கும் அதே முழம். பூக்காரம்மா கை முழமாக இருந்தால் இன்னும் நல்லது, அது எப்போதும் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும்.

"பன்னெண்டு வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது" என்பது அடுத்த வசனம். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் அதே பேட்டரிதான் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற 100 ஆம்பியருக்கு மேல் கொடுக்கிறது. தொழில் பழகிய புதிதில் பிளஸ்ஸில் ஸ்பேனர் வைத்திருந்தபோது, அதன் மறுமுனை பாடியைத் தொட்டது. ஸ்பேனர் வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. விரலில் மோதிரம் போட்டிருந்தேன். அந்த வட்டம் இன்றைக்கும் வெள்ளைத் தழும்பாக இருக்கிறது. எங்கள் கடைப் பையன்கள் வேலைக்கு வந்தவுடன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் பானட்டைத் தொடுவார்கள்.

இவ்வளவு எழுதியதால் நான் ஊஃபருக்கே எதிரி என்று நினைக்க வேண்டாம். ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கரும் ஒரே டப்பாவுக்குள் அடங்கிய இந்தச் சின்ன சாமான் நல்ல கண்டுபிடிப்பு. முன்பெல்லாம் பேஸ் வேண்டுமென்றால் டிக்கி முழுக்க ஒரு பெட்டி, தனியாக ஆம்ப். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பெட்டி படுக்கை வைக்க இடமிருக்காது. இதுவோ சீட்டுக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ளும். கம்பெனி ஸ்டீரியோவை மாற்றவும் வேண்டாம், ஸ்பீக்கர் ஒயரிலேயே சிக்னல் எடுத்துக்கொள்ளலாம். பறை அடிக்கும்போது நெஞ்சில் இடிக்கிறதே, அந்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் காதில் விழும். கதவு ஸ்பீக்கரில் அது விழவே விழாது.

அட்டைப்பெட்டியில் 600 வாட் என்று போட்டிருப்பதை நம்பிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொள்ளவும் வேண்டாம். ஊஃபரின் ஃபியூஸைப் பாருங்கள். 15 ஆம்பியரா? வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட். பெருக்கினால் 210. உள்ளே போவதே 210 வாட் என்றால் வெளியே 600 எப்படி வரும்? 120, 150 வந்தால் பெரிய விஷயம். சீட்டுக்கு அடியில் வைக்கும் சாமானுக்கு அது போதும்.

ஆனால் அந்த 210 வாட்டையும் சிகரெட் லைட்டர் லைனிலிருந்தோ, ஸ்டீரியோவுக்குப் பின்னால் வரும் ஒயரிலிருந்தோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மெல்லிய ஒயர் ஸ்டீரியோவுக்காகக் கம்பெனி கொடுத்தது. ஃபியூஸ் அடிக்கடி போகும். போகட்டும் என்று விடுவார்களா? 15 போட்ட இடத்தில் 30 போடுவார்கள், இல்லையென்றால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவார்கள். நான் சொன்ன மூன்றில் முதல் வண்டி இப்படித்தான் வந்தது, டாஷ்போர்டுக்குள் ஒயர்க்கட்டே ஒட்டிப்போய். ஃபியூஸ் போனால் அது ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து அதன் வாயைக் கட்டாதீர்கள்.

ஒயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆன்லைனில் வரும் கிட்டில் சிவப்பாக, கட்டை விரல் தடிமனில் ஒன்று இருக்கும். நுனியைச் சீவி, பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம், மேலே செம்பு முலாம். அதே தடிமனுக்கு, செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இது கடத்தும். உறையை மட்டும் தடியாகப் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. இந்த அளவு ஊஃபருக்கு 10 கேஜ் (ஒயர் தடிமனின் அளவு) சுத்தமான செம்பு ஒயரும் பேட்டரி அருகே 20 ஆம்பியர் ஃபியூஸும் தாராளம். செட் இழுப்பதைவிடக் கொஞ்சம் கூட, ஒயர் தாங்குவதைவிடக் குறைவு. அவ்வளவுதான் கணக்கு. ஹோல்டரின் விலை இரண்டு பேர் கறிதோசை சாப்பிடும் காசு.

இரண்டாவது வண்டியை விட்டுவிட்டேன். அதில் ஒயர் இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகர ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லை. ஆறு மாதம் வண்டி அதிர அதிர தகரம் உறையை அறுத்துவிட்டது. அந்த வண்டியில் ஃபியூஸ் ஒரு முழத்துக்குள் இருந்தது, போய்விட்டது. பாட்டில் பேஸ் நின்றுபோனது தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது, தகரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கரி மட்டும்தான். "ஊஃபர் ரிப்பேர்ண்ணே" என்று வந்தார். அறுந்த இடத்தைக் காட்டியதும் முகம் வெளுத்துவிட்டது.

சீட்டுக்கு அடியில் கை வைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக், சீட் பெல்ட் சமாச்சாரம். டெஸ்டர் லைட்டை அதில் குத்திப் பார்ப்பவர்களை என் கடை வாசலில்கூட ஏற்றமாட்டேன். சில ஹைபிரிட் வண்டிகளில் முன் சீட்டுக்கு அடியில் லித்தியம் பேட்டரி இருக்கும், சிலவற்றில் பின் சீட்டுக்குப் போகும் ஏசி குழாய். மின்சார வண்டியில் ஆரஞ்சு நிற ஒயர் பக்கமே போகக் கூடாது. எர்த்துக்கு, அதாவது ஊஃபரின் நெகட்டிவ் ஒயரைப் பாடியில் சேர்க்க, ஓட்டை போடுகிறேன் என்று தரையில் ட்ரில் வைப்பதும் வேண்டாம். அடியில் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் போகிறது. பெரும்பாலான ஹேட்ச்பேக்கில் பின் சீட்டுக்கு நேர் கீழே டேங்க். ஒரு முறை எனக்கும் ட்ரில் நுனி பிரேக் குழாய்க்கு ஒரு விரக்கடை தள்ளி இறங்கியது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. தரையில் கம்பெனியே கொடுத்த எர்த் போல்ட் பக்கத்தில் எங்காவது இருக்கும், தேடுங்கள். பெயிண்டைச் சுரண்டி, ஒயர் நுனியில் லக் (வளையம்) போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கட்டாதீர்கள், என்றைக்காவது உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டியது அது.

ஒயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓரமாகக் கொண்டுவந்து, சீட்டை முன்னும் பின்னும் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். மேலே ஏற்றி இறக்கும் சீட் என்றால் முழுக்க இறக்கியும் பாருங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் அப்பத்தா நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு வந்திருப்பார். அப்புறம் ஊஃபர் மேல் கேரிபேக்கைத் திணிக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஏற்கெனவே அடுப்பு எரிகிறது, அதற்கும் கொஞ்சம் காற்று வேண்டும். ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்தால் முன் சீட்டின் காலடிதான் முதலில் நனையும். கார்ப்பெட் ஈரமாக இருந்தால் ஊஃபரைத் தூக்கிப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளியில் மாட்டிய எலக்ட்ரிக் சாமான்களைப் பாலிசியில் தனியாகச் சேர்க்க வழி இருக்கிறது, பிரீமியம் கொஞ்சம் கூடும்.

ஏற்கெனவே ஊஃபர் மாட்டியவர்கள் இன்றைக்கே பானட்டைத் திறங்கள். பேட்டரி பிளஸ்ஸில் வண்டியோடு வராத ஒயர் ஒன்று கூடுதலாக இருக்கும். அதன் மேல் கையை வைத்து ஒரு முழம் அளந்துகொண்டே போங்கள். ஹோல்டர் தட்டுப்பட்டால் மூடியைத் திறந்து, உள்ளே ஃபியூஸ்தான் இருக்கிறதா, கம்பித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் என்றால் மூடிவிடுங்கள். கம்பித் துண்டா, இல்லை ஒன்றுமே தட்டுப்படவில்லையா? நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பிறகு அந்தக் கூடுதல் ஒயரைப் பிளஸ்ஸிலிருந்து எடுத்து, நுனியில் நன்றாக டேப் சுற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். கடைசியாக நெகட்டிவைத் திரும்பப் போடுங்கள். ஃபியூஸ் வைக்கும் வரை நாலு நாளைக்குப் பாட்டு கதவு ஸ்பீக்கரிலேயே பாடட்டும்.