ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனவர்கள் என்னிடம் பிசியோதெரபிக்கு வருவது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. அப்படி வந்த ஒரு ஜோடிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். முதல் மலைநடைக்குக் கொல்லிமலை ஆகாயகங்கை அருவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, குளித்துவிட்டு, ஈரத் துணியோடு அத்தனையையும் ஏறி வர வேண்டும்.

"ஏறும்போது மூச்சு வாங்குச்சு சார், அது அப்பவே சரியாயிடுச்சு. இப்ப வீட்டு மாடிப்படி இறங்க முடியல" என்றார் மனைவி. கணவருக்கு ஒன்றும் இல்லையாம். ஆனால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். மறுநாள் தனியாக வந்து அவரும் சீட்டு வாங்கிக்கொண்டார்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். தசையைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பு எடையைப் பிடித்து நிறுத்துகிறது, வண்டிக்குப் பிரேக் மாதிரி. பழக்கமில்லாத தசையில் இதனால் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி அன்றைக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே அடங்கும். ஆனால் முட்டி வீங்கினாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரண்டாவது அறிகுறி, சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்பதற்கானது.

நல்ல செய்தி, மிதமாக ஒருமுறை இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு செய்யும். அதனால் மலைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் இரண்டு மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஏறுவது எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இறங்குவது மட்டும் நிதானமாக இருக்கட்டும்.

அப்புறம், ஜோடிகளிடம் மட்டும் நான் பார்க்கும் ஒரு சிக்கல். வேகமாக நடப்பவர் முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார். மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "சரி, போலாமா?" என்று எழுந்துவிடுவார். ஓய்வு கிடைத்தது முழுக்க ஓய்வு தேவைப்படாதவருக்கு! மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் நில்லுங்கள்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டரும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் சுமார் ஒன்றே முக்கால் மணி. அவர் கால் வேறு, நம் கால் வேறு. முதல்முறை போகிறவர்கள் அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்து, சாப்பிடவும் செல்ஃபி எடுக்கவும் தனியாக நேரம் ஒதுக்கினால், இருட்டுவதற்குள் கீழே வந்துவிடலாம்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். கால் நகத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் நகம் ஷூவில் இடித்துக் கறுத்துப்போய் வருகிறவர்கள் நிறைய.

காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகியதற்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியும் கூட வருவார். முதல்முறைக்கு 'எளிது' போதும், வீம்பு வேண்டாம். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த வாரங்களுக்கு இருக்கவே இருக்கிறது மாடிப்படி.